சாப்பாட்டை மாற்றினால் மனம் தேறுமா?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். நான்கைந்து மாதமாக மனம் சோர்ந்து கிடக்கிறது. எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் சரியில்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருகிறது. மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இதற்கிடையே காணொளிகளில் ஒருவர் வாழைப்பழம் சாப்பிடச் சொல்கிறார், இன்னொருவர் சர்க்கரையை அடியோடு நிறுத்தச் சொல்கிறார், வேறொருவர் குடலைச் சரிசெய்தால் மனம் தானாகச் சரியாகிவிடும் என்கிறார். சாப்பாட்டை மாற்றினாலே போதுமா, மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பாட்டையும் அலட்சியமாக விடாதீர்கள். உணவுக்கும் மனநிலைக்கும் தொடர்பு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தொடர்பு இருக்கும் இடம் வேறு. எந்த ஒரு பழமும் விதையும் தனியாக மனத்தைத் தூக்கி நிறுத்துவதில்லை. போதுமான அளவு சாப்பிடுகிறோமா, வேளைக்குச் சாப்பிடுகிறோமா, உடம்பில் ஏதாவது சத்து தீர்ந்துபோயிருக்கிறதா, வாரக்கணக்கில் பார்த்தால் தட்டில் மொத்தமாக என்ன விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். காணொளிக்கு இது சுவையான விஷயமில்லை என்பதால் யாரும் அதிகம் பேசுவதில்லை.

மூளையின் எடை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. தனக்கென்று பெரிதாகச் சேமிப்பு எதுவும் வைத்துக்கொள்வதில்லை. ரத்தம் கொண்டுவந்து கொடுப்பதை வைத்தே காலம் தள்ளுகிறது. வரத்து குறைந்தால் மனம் எந்த அளவுக்குக் குலையும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இரண்டு சான்றுகள் உண்டு. இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அவற்றிலேயே இருக்கிறது.

முதலாவது பெலாக்ரா என்ற நோய். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில், மக்காச்சோளத்தையே பெரும்பாலும் நம்பி வாழ்ந்த ஏழை மக்களை அது வாட்டியது. தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு வரும், தூக்கம் கெடும், எரிச்சலும் சோர்வும் கூடும், கடைசியில் புத்தி பேதலிக்கும். அங்கிருந்த மனநோய் விடுதிகளில் இந்த நோயாளிகள் நிறையப் பேர் அடைபட்டுக் கிடந்தார்கள். தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914இல் இதை ஆராய அனுப்பப்பட்ட ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவர், விடுதிகளில் அடைபட்டிருப்பவர்களுக்கு நோய் வருகிறது, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஊழியர்களுக்கு வருவதில்லை என்பதைக் கவனித்தார். இரு தரப்பும் சாப்பிட்டது வேறு வேறு சாப்பாடு. 1915இல் மிசிசிப்பியில் ஒரு சிறைப்பண்ணையில், விடுதலை தருவதாக உறுதி கொடுத்து, 11 கைதிகளுக்கு அந்த ஏழைகளின் உணவையே தொடர்ந்து கொடுத்தார். சில மாதங்களில் 6 பேருக்கு நோய் வந்துவிட்டது. இன்றைக்கு எந்த ஆய்வு நெறிக்குழுவும் இதை அனுமதிக்காது. விடுபட்ட அந்தச் சத்து நியாசின், அதாவது வைட்டமின் பி3 என்பது 1937இல் உறுதியானது. ஒரு வைட்டமின் இல்லாமல் போனதால் பைத்தியம் என்று முத்திரை குத்தப்பட்டு எத்தனை பேர் வாழ்க்கையை இழந்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இரண்டாவது சான்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள, ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 1944 நவம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். போருக்குப் போக மனசாட்சி இடம் தராமல் மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். முதல் 12 வாரம் வயிறு நிறையச் சாப்பாடு. அடுத்த 24 வாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,600 கலோரி, இரண்டே வேளை. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் மாதிரியான எளிய உணவுகள். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் கால் பங்கு கரைந்தது.

உடம்பு மெலிந்தது எதிர்பார்த்ததுதான். மனத்துக்கு நேர்ந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கலகலப்பாக இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். சேர்ந்து சிரிப்பது நின்றது. சின்னச் சின்ன விஷயங்களுக்கு ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள். கவனம் நிற்கவில்லை, பாலுணர்வு வற்றியது, பலருக்கு மனச்சோர்வு வந்தது. நினைப்பெல்லாம் சாப்பாட்டிலேயே ஓடியது. அதுவரை சமையலில் அக்கறையே இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்து மணிக்கணக்கில் படித்தார்கள். தட்டை நக்கித் துடைத்தார்கள். இருக்கிற கொஞ்சத்தையும் தண்ணீர் கலந்து, பிசைந்து, நெடுநேரம் வைத்துச் சாப்பிட்டார்கள். இவர்கள் யாரும் ஏற்கெனவே மனம் உடைந்திருந்தவர்கள் இல்லை. சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்த பிறகும் மனநிலை உடனே மீளவில்லை. முதல் சில வாரங்களில் சிலருக்கு இன்னும் மோசமானது. உடம்பு தேறியதற்கு வெகு பின்னால்தான் மனம் தேறியது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மனம் சோர்ந்து வருபவர்களில் பலர் எடையைக் குறைப்பதற்காகவோ, நேரமில்லாமலோ, பசியே எடுக்காமலோ குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதைத் தாங்களே கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். எரிச்சலுக்கும் அழுகைக்கும் காரணம் தேடிக் குழந்தைப் பருவம் வரைக்கும் போய்வருவார்கள், மதியம் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வராது. கடும் உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். சாப்பாட்டைப் பற்றியே ஓயாமல் நினைப்பதும், சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்வில் தவிப்பதும் உங்கள் பலவீனம் இல்லை. பட்டினி கிடக்கும் எந்த மனிதருக்கும் நடப்பதுதான் அது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. உணவு மனத்தைப் பாதிப்பது போலவே மனமும் உணவைப் பாதிக்கிறது. மனச்சோர்வு வந்தால் சிலருக்குப் பசி அடங்கிப்போகும், நாக்கில் ருசி இருக்காது. சிலருக்கு நேர்மாறாக இனிப்பும் மாவுப் பண்டமும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கத் தோன்றும். கடைக்குப் போகவோ, காய் நறுக்கவோ, அடுப்பைப் பற்றவைக்கவோ கை எழாது. ஆகவே "துரித உணவு சாப்பிடுபவர்களுக்கு மனச்சோர்வு அதிகம்" என்று ஒரு கணக்கெடுப்பு சொன்னால், எது முதலில் வந்தது என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பலரும் அந்தக் கணக்கெடுப்புகளைக் காட்டித்தான் நோயாளியைக் குற்றவாளியாக்குகிறார்கள். "கண்டதைத் தின்றதால்தான் உனக்கு இப்படி" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அதைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எது முதலில் என்ற கேள்வியைத் தீர்க்க ஒரே வழி, மனச்சோர்வு உள்ளவர்களின் உணவை மாற்றிப் பார்ப்பது. ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா தலைமையிலான குழு அதைச் செய்து 2017இல் முடிவுகளை வெளியிட்டது. 'ஸ்மைல்ஸ்' என்று அந்த ஆய்வுக்குப் பெயர். மிதமானது முதல் தீவிரமானது வரை மனச்சோர்வு இருந்த, சாப்பாடும் சரியில்லாத 67 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உணவு ஆலோசகரோடு 12 வாரத்தில் 7 சந்திப்புகள். மறு பாதிக்கு அதே அளவு நேரம் ஒருவர் உட்கார்ந்து அன்பாகப் பேசிக்கொண்டிருந்தார். இரு தரப்பிலும் பெரும்பாலானோர் ஏற்கெனவே மாத்திரையோ உளவியல் சிகிச்சையோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள், அதை யாரும் நிறுத்தவில்லை. 12 வாரம் முடிந்தபோது உணவை மாற்றிய தரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு முழுமையாகத் தணிந்திருந்தது. பேச்சுத் துணை மட்டும் கிடைத்தவர்களில் 100க்கு 8 பேருக்குத்தான் அப்படி. இத்தனைக்கும் எடையில் சொல்லும்படி மாற்றமில்லை. ஆகவே மெலிந்ததால் வந்த மகிழ்ச்சி என்றும் தள்ளிவிட முடியாது.

அவர்கள் கொடுத்தது மத்தியதரைக் கடல் பகுதி உணவுமுறையை ஒட்டியது. காய்கறி நிறைய, பழங்கள், தீட்டாத தானியங்கள், பருப்பு வகைகள், தினமும் ஒரு பிடி கொட்டைகள், வாரம் இரண்டு முறையாவது மீன், ஆலிவ் எண்ணெய், அளவாகப் பாலும் முட்டையும் இறைச்சியும். இனிப்பு, பொரித்த பண்டங்கள், மதுபானம் போன்றவற்றை வாரத்துக்கு மூன்று முறைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். முற்றாகத் தடை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது சிறிய ஆய்வு. மாத்திரை ஆய்வில் போல யார் எதைப் பெறுகிறார்கள் என்பதை மறைத்துவைக்க முடியாது. "நமக்கு நல்ல சாப்பாடு கிடைக்கிறது, தேறிவிடுவோம்" என்ற நம்பிக்கையும் கொஞ்சம் வேலை செய்திருக்கும். பேச்சுத் துணை தரப்பில் பாதியில் விலகியவர்களும் அதிகம். ஆனாலும் அதற்குப் பின் ஆஸ்திரேலியாவிலேயே மனச்சோர்வுள்ள இளைஞர்களிடம் தனித்தனியாக நடந்த இரண்டு ஆய்வுகள் இதே திசையில்தான் முடிந்தன. 2019இல் வந்ததில் மூன்றே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையோடு உணவையும் சேர்த்துக் கவனித்தால் தேறுவதற்கான வாய்ப்பு கூடுகிறது. சிகிச்சைக்குப் பதிலாக உணவு என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை.

சரி, வாழைப்பழத்துக்கு வருவோம். அதில் செரட்டோனின் இருப்பது உண்மைதான். மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருள் அது என்பதும் உண்மை. ஆனால் சாப்பிடும் செரட்டோனின் மூளைக்குள் போகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை உள்ளே விடுவதில்லை. நம் உடம்பில் உள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் இருக்கிறது என்று அடிக்கடி சொல்வார்கள். அதுவும் சரிதான், அந்தச் செரட்டோனினும் மூளைக்குப் போவதில்லை. குடலின் அசைவு போன்ற வேலைகளுக்கு அது அங்கேயே பயன்படுகிறது.

மூளை தனக்கு வேண்டிய செரட்டோனினைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதற்கு மூலப்பொருள் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். இது முட்டை, பால், இறைச்சி, பருப்பு என்று எல்லாப் புரத உணவிலும் இருக்கிறது. அப்படியானால் புரதம் நிறையச் சாப்பிட்டால் மூளைக்கு நிறையப் போகுமா? அங்குதான் வேடிக்கை. டிரிப்டோஃபானும் வேறு சில அமினோ அமிலங்களும் ஒரே வழியாகத்தான் மூளைக்குள் நுழைய முடியும். நெரிசலான பேருந்தின் ஒரே கதவில் எல்லோரும் முண்டியடிப்பது மாதிரி. புரத உணவில் மற்றவை அதிகம், டிரிப்டோஃபான் குறைவு. ஆகவே புரதம் சாப்பிட்டதும் அதன் பங்கு கூடுவதில்லை. மாவுச்சத்து மட்டும் சாப்பிட்டால் இன்சுலின் சுரந்து மற்ற அமினோ அமிலங்களைத் தசைகளுக்குள் தள்ளிவிடும், டிரிப்டோஃபானுக்கு வழி கிடைக்கும். இதை 1970களின் தொடக்கத்திலேயே எலிகளிடம் காட்டிவிட்டார்கள். ஆனால் அந்த உணவில் கொஞ்சம் புரதம் சேர்ந்தாலே இந்த விளைவு மங்கிவிடுகிறது. மனிதர்கள் சாப்பிடும் சாதாரணச் சாப்பாட்டில் எப்போதும் கொஞ்சம் புரதம் இருக்கத்தான் செய்யும். ஆகவே "செரட்டோனின் உணவுகள்" என்று வரும் பட்டியல்களை மறந்துவிடுங்கள். வாழைப்பழம் நல்ல பழம், பசிக்கும்போது சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

சர்க்கரை சாப்பிட்டால் உற்சாகம் வரும் என்பதும் சோதனையில் நிற்கவில்லை. 31 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டின் ஒரு பகுப்பாய்வில், சர்க்கரை உள்ளிட்ட மாவுச்சத்து சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் களைப்பு கூடியது, ஒரு மணி நேரத்துக்குள் விழிப்பு குறைந்தது, மனநிலை எந்த நேரத்திலும் உயரவில்லை. அதற்காக ஒரு துண்டு இனிப்பைக் கண்டு பயப்படவும் வேண்டாம்.

இப்போது நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் பகுதி: தீர்ந்துபோன சத்துகள். மனச்சோர்வு என்று சொல்லப்படும் எல்லோருக்கும் சத்துக்குறைவு இருக்காது. ஆனால் இருப்பவர்களுக்கு அது எளிதில் கண்டுபிடிக்கக்கூடியது, எளிதில் சரிசெய்யக்கூடியது. பார்க்காமல் விட்டால்தான் பாவம்.

இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையில் டோபமின், செரட்டோனின் இரண்டையும் தயாரிக்கும் நொதிகளுக்கு இரும்பு தேவை. குறைந்தால் களைப்பு, எரிச்சல், கவனமின்மை, படியேறினால் மூச்சு வாங்குதல், சிலருக்கு இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுதல். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று பரிசோதனைச் சீட்டைக் காட்டுவார்கள். உடம்பு முதலில் தன் சேமிப்பைத்தான் செலவழிக்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். அது காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். ரத்தசோகை இல்லாமல் ஃபெரிட்டின் மட்டும் குறைவாக இருந்த, காரணம் தெரியாத களைப்பில் இருந்த பெண்களுக்கு 12 வாரம் இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வில், வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களைவிட அவர்களின் களைப்பு தெளிவாகக் குறைந்தது. மாதவிடாயில் அதிக ரத்தம் போகும் பெண்கள், பிரசவம் ஆனவர்கள், அடிக்கடி ரத்ததானம் செய்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். பரிசோதிக்காமல் நீங்களாக இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது வேண்டாம், அது உடம்பில் தேங்கினால் கேடு. சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீரோ காபியோ குடிப்பது இரும்பு சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி போன்றவை கூட இருந்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு நன்றாகச் சேரும்.

வைட்டமின் பி12 இன்னும் நயவஞ்சகமானது. இயற்கையில் இது விலங்கு உணவுகளில்தான் கிடைக்கிறது: மீன், இறைச்சி, முட்டை, பால். கல்லீரல் சில வருடங்களுக்குத் தேவையானதைச் சேர்த்துவைத்திருப்பதால், உணவில் நின்று நெடுநாள் கழித்தே குறை தெரியவரும். அதனால் யாரும் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை. மனச்சோர்வு, மறதி, எரிச்சல், பாதங்களில் மதமதப்பு, நடையில் தடுமாற்றம், தீவிரமானால் இல்லாததைப் பார்ப்பதும் கேட்பதும்கூட வரலாம். ரத்தசோகை இல்லாமலே இவை வரக்கூடும் என்பதுதான் பலரும் தவறவிடும் விஷயம். பாலும் முட்டையும்கூடச் சேர்க்காத தூய தாவர உணவுக்காரர்கள், முதியவர்கள், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்கள், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் எல்லோரும் இதில் வருவார்கள். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விழுங்கினால் ரத்தம் சரியானது போலத் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். நரம்பு பாதிப்பு நீண்டகாலம் நீடித்தால் முழுமையாக மீளாமல் போகலாம். தாமதிக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இவற்றோடு தைராய்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அது உணவு விஷயம் இல்லை என்றாலும் மந்தமாக இயங்கினால் மனச்சோர்வு போலவே இருக்கும்.

குறை இருந்தால் நிரப்ப வேண்டும் என்று சொன்னதும், குறை இல்லாதவர்களும் சத்து மாத்திரை விழுங்கலாமே என்று தோன்றும். அதை ஐரோப்பாவில் 1,025 பேரிடம் சோதித்தார்கள். எடை கூடிய, லேசான மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தவர்கள். ஒமேகா-3 (மீன் எண்ணெயில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு), செலினியம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி எல்லாம் அடங்கிய மாத்திரைகள் ஒரு வருடம். 2019இல் வந்த முடிவு: மனச்சோர்வு நோயைத் தடுக்கவில்லை. 50 வயதைத் தாண்டிய 18,000க்கும் அதிகமான அமெரிக்கர்களுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் வைட்டமின் டி கொடுத்த ஆய்விலும் மனச்சோர்வு குறையவில்லை. அதே ஆட்களுக்குக் கொடுத்த ஒமேகா-3யும் தடுப்பாக உதவவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் உள்ளவர்களுக்கு மட்டும், மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்து, இபிஏ என்ற வகை அதிகமுள்ள ஒமேகா-3 கொஞ்சம் உதவலாம் என்று இத்துறை வல்லுநர்கள் சிலர் பரிந்துரைக்கிறார்கள். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு முயன்று பார்க்கலாம். முதல் செலவை நல்ல சாப்பாட்டுக்கே செய்யுங்கள்.

குடல் நுண்ணுயிரிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2004இல் ஜப்பானில், நுண்ணுயிரியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோன்கள் மிதமிஞ்சிச் சுரந்ததைக் கண்டார்கள். அங்கிருந்துதான் இந்த ஆர்வம் சூடுபிடித்தது. 2019இல் பெல்ஜியத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, மனச்சோர்வு உள்ளவர்களின் குடலில் சில வகைப் பாக்டீரியாக்கள் குறைவு என்று காட்டியது. குறைந்ததால் சோர்வா, சோர்ந்ததால் குறைவா என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. நார்ச்சத்துள்ள காய், பழம், பருப்பு, தீட்டாத தானியம், தயிர் ஆகியவை குடலுக்கு நல்லது. விலை உயர்ந்த நுண்ணுயிரி மாத்திரைகளும் குடல் பரிசோதனைகளும் உங்கள் மனச்சோர்வைத் தீர்க்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

தூக்கம் சரியில்லை என்றீர்கள். காபி எத்தனை, எப்போது? குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. சிலருக்கு இன்னும் அதிகம். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் காஃபீன்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைத் தின்றுவிடுவதை 2013இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. அந்த 400 மில்லிகிராம்தான் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பதற்றம் உள்ளவர்களுக்கு அதற்குக் குறைவான அளவே படபடப்பை உண்டாக்கும். மதியத்துக்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும் வரும், ஒவ்வொரு கோப்பையாகக் குறையுங்கள். மது குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் பின்னிரவில் கலைந்துவிடும். மறுநாள் மனம் இன்னும் கீழே போகும். தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

இனி நடைமுறை. மனம் சோர்ந்தவர்களின் நாள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடும். ஒன்பது மணிக்கு எழுந்து வெறும் வயிற்றில் ஒரு காபி. பதினொன்றரைக்கு இன்னொரு காபி, நாலு பிஸ்கட். மூன்று மணி வரை பசி தெரியவில்லை, பிறகு கை நடுங்க ஆரம்பிக்கும்போது கிடைத்ததை அவசரமாகச் சாப்பிடுகிறார்கள். ஐந்து மணிக்கு மூன்றாவது காபி. இரவு பத்துக்கு மேல், நாள் முழுக்கச் சாப்பிடாததை எல்லாம் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, வயிறு கனத்து, ஒரு மணி வரை கைபேசியோடு விழித்திருக்கிறார்கள். மதியம் இரண்டு மணிக்கு அவர்களுக்கு வரும் எரிச்சலையும் அழுகையையும் நோயின் தீவிரம் என்று எழுதிக்கொள்கிறார்கள். அதில் ஒரு பகுதி வெறும் பசி.

இப்படி இருப்பவரிடம் போய் "வாரம் இரண்டு முறை மீன், தினமும் ஐந்து வகைக் காய்" என்று பட்டியல் கொடுப்பது கொடுமை. நான் நேரத்திலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிடுங்கள், அதில் புரதம் கொஞ்சம் இருக்கட்டும். ஒரு முட்டை, ஒரு கிண்ணம் தயிர், ஒரு பிடி வேர்க்கடலை எதுவானாலும் போதும். அப்புறம் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். பசி வரும் என்று காத்திருக்க வேண்டாம், சோர்வில் பசி உணர்வே மழுங்கிவிடும். கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். இரண்டு வாரம் இது மட்டும் நடந்தால் போதும்.

அதன் பிறகு சமைக்காமல் கிடைப்பதைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கழுவி நறுக்கிய காய், பழம், கொட்டைகள், வேகவைத்த பயறு. நியூசிலாந்தில் இளைஞர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வில், காய் பழம் அதிகம் சாப்பிடும்படி கைபேசியில் நினைவூட்டல் பெற்றவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. காயையும் பழத்தையும் நேரடியாகக் கையில் பெற்றவர்களுக்கு இரண்டே வாரத்தில் சுறுசுறுப்பும் ஊக்கமும் கூடின. மனச்சோர்வு அளவீட்டில் மட்டும் அதற்குள் வித்தியாசம் இல்லை. வீட்டில் உள்ளவர்கள் இதைப் படித்தால், "சாப்பிட்டாயா" என்று கேட்பதைவிடத் தட்டில் போட்டுக் கையில் கொடுங்கள். முடிந்தால் கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மருந்தும் உணவும் மோதும் இடங்கள் சில உண்டு. மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய முதல் ஓரிரு வாரம் குமட்டல் வரலாம், சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் பலருக்குக் குறையும். மிர்டாசபின், ஒலான்சபின் போன்ற மனநல மருந்துகள் பசியைத் தூண்டும். எடை ஏறினால் உங்களையே திட்டிக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று வழி இருக்கலாம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்கள் உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, தண்ணீரும் குறையக் கூடாது. குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகும். எம்ஏஓ தடுப்பான் என்ற பழைய வகை மாத்திரை எடுப்பவர்கள் நாள்பட்ட பாலாடைக்கட்டி, பதப்படுத்தி உலர்த்திய இறைச்சி போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும், ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும். மூலிகை என்று கடையில் கிடைக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், 5-எச்டிபி இரண்டையும் மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்து எடுக்கவே கூடாது. செரட்டோனின் அளவு மீறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஒரு வாரம் என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, தைராய்டு பார்க்கலாமா என்று கேளுங்கள். எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்தையும், சத்து மாத்திரை உட்பட, சொல்லுங்கள். அதற்குள் சாப்பாடே இறங்காமல் போனாலோ, எடை வேகமாகக் குறைந்தாலோ, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வந்தாலோ, குறித்துக் கொடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல், நெருங்கிய ஒருவரிடம் சொல்லி அவரையும் அழைத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.